திருச்சியில் இரவு விமானம்: அதற்கு முன் கிடைக்கும் ஒரு பகலில் எங்கெங்கே போகலாம்?

மன்னார்குடிப் பக்கத்துக்காரன் (திங்கள், காலை 8.15)

அனைவருக்கும் வணக்கம். வரும் புதன்கிழமை இரவு 11 மணிக்கு மேல் திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு எங்கள் விமானம். மாலையில் ஊரிலிருந்து கிளம்பினாலே போதும். ஆனாலும் விடுப்பின் கடைசிப் பகலை வீட்டு வாசலில் பெட்டிகளை எண்ணிக்கொண்டு கழிக்க மனம் வராமல், நாள் வாடகைக்குக் கார் ஒன்றைப் பேசிக் காலை ஐந்தரைக்கே புறப்படுவது என்று முடிவு செய்திருக்கிறோம். அம்மாவுக்கு வயது 72, முழங்கால் வலி உண்டு. மகனுக்கு வயது 10. கோயில் என்றாலே முகத்தைச் சுளிப்பான். நான்கு பெரிய பெட்டிகளும் ஊறுகாய், வடகம் அடங்கிய ஓர் அட்டைப் பெட்டியும் காரிலேயே இருக்கும். இரவு 8 மணிக்கு விமான நிலையத்தில் இருக்க வேண்டும். நிலையத்துக்கு அருகில், அதிகம் அலையாமல் பார்க்கக்கூடிய இடங்களைச் சொல்லுங்கள். வலைத்தளங்களில் கிடைக்கும் பட்டியல்கள் எல்லாம் கிலோமீட்டர் கணக்கை மட்டுமே சொல்கின்றன.

ஆனைக்காத் தெருவாசி (திங்கள், காலை 9.02)

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்களை அழைத்துவரவும் வழியனுப்பவும் 20 ஆண்டுகளாக அந்த நிலையத்துக்குப் போய்வருகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். திருச்சியில் தொலைவு ஒரு பொருட்டே இல்லை. நிலையத்திலிருந்து மலைக்கோட்டை, திருவானைக்காவல், ஸ்ரீரங்கம் ஆகிய மூன்றுமே 10 முதல் 17 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். நம்மைத் தடுப்பவை இரண்டே: ஒன்று நடை சாத்தும் நேரம், மற்றொன்று காவிரியைக் கடக்கும் பாலம். பகல் பன்னிரண்டரைக்கு மூடிய கதவுக்கு முன்னால் நின்றுகொண்டு, நான்கு மணி வரை எங்கே போவது என்று தெரியாமல் காரில் உட்கார்ந்து உறங்கிய உறவினர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே இடங்களை முதலில் தேர்ந்தெடுத்து, அதன் பிறகு அவற்றுக்கு நேரம் ஒதுக்காதீர்கள். எந்தக் கதவு எப்போது திறந்திருக்கும் என்று பார்த்து அதற்கேற்ப இடத்தைப் பொருத்துங்கள். திருவானைக்காவலில் உச்சிக்கால பூஜை நண்பகலை ஒட்டி நடக்கும். அர்ச்சகர் புடவை அணிந்து, கிரீடம் தரித்து, அகிலாண்டேசுவரியாகவே பாவிக்கப்பட்டு, அம்மன் சன்னதியிலிருந்து மேளதாளத்துடன் சம்புகேசுவரர் சன்னதிக்கு நடந்து வந்து பூஜை செய்வார். பிறகு கோ பூஜையும் உண்டு. இதைத் தங்கள் அம்மா ஒருமுறை பார்க்கட்டும். அது முடிந்து நடை சாத்தியதும் நேராக ஸ்ரீரங்கம் செல்லுங்கள். பெரும்பாலான கோயில்கள் மூடிக் கிடக்கும் அந்தப் பிற்பகலில், ரங்கநாதர் சன்னதியில் மட்டும் நண்பகல் இடைவேளைக்குப் பிறகு ஒன்றேகால் மணி அளவில் சேவை மீண்டும் தொடங்கிவிடும். விழா நாள்களில் இந்த நேரம் மாறும். புதன்கிழமை அப்படி எதுவும் இல்லை என்பதைக் கோயிலில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

தஞ்சைத் தட்டு (திங்கள், காலை 9.40)

திருச்சிக்காரர்கள் எப்போதும் தங்கள் ஸ்ரீரங்கத் தீவுக்குள்ளேயே சுற்றுவார்கள். விமானத்தில் வந்து இறங்கும் வெளிநாட்டவர்கள் முதலில் கேட்பது தஞ்சைப் பெரிய கோயிலைத்தான். 1010-இல் இராசராசன் முடித்த 216 அடிக் கோயில் விமானத்தை விட்டுவிட்டு, திருச்சி நிலையத்துக்கு அருகில் பார்க்க வேண்டியவை என்று பேசுவதில் பொருளே இல்லை. நான்குவழிச் சாலையில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும், அவ்வளவே. அரண்மனைக் கலைக்கூடத்தில் உள்ள சோழர் செப்புத் திருமேனிகளைப் பார்க்க மேலும் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

ஆனைக்காத் தெருவாசி (திங்கள், காலை 9.55)

போக ஒரு மணி, வர ஒரு மணி, இடையில் சாப்பாடு, பிறகு ஆவணி வெயிலில் அந்தக் கருங்கல் தளத்தில் வெறுங்காலுடன் 72 வயது அம்மா. தங்களுக்குத் தஞ்சையின் மீது உள்ள பற்று புரிகிறது, ஐயா. ஆனால் அந்த முழங்காலையும் சற்று நினைத்துப் பாருங்கள்.

குடுமியான்மலை நிழல் (திங்கள், காலை 11.20)

இருவரும் ஒரு செய்தியைக் கவனிக்கவில்லை. விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையில் இருக்கிறது. நிலையத்தை விட்டு நகர்ப்பக்கம் திரும்பினால் டிவிஎஸ் டோல்கேட் சந்திப்பில் நெரிசல்; எதிர்ப்புறம் திரும்பினால் ஒரு சிக்னலும் இல்லாமல் 30 கிலோமீட்டர் அளவில் நார்த்தாமலை. அங்கே மேலமலையில் நிற்கும் விசயாலய சோழீசுவரம் ஒன்பதாம் நூற்றாண்டுக் கோயில். கருவறை உள்ளே வட்ட வடிவம். எதிரில் இரண்டு குடைவரைகள், அவற்றில் ஒன்றின் சுவரில் ஆளுயரத் திருமால் சிற்பங்கள் பன்னிரண்டு. இன்னும் சற்றுப் போனால் சித்தன்னவாசல். அங்குள்ள சமணக் குடைவரையாகிய அறிவர் கோயில் விதானத்தில் வரைந்திருக்கும் தாமரைக் குளத்தில் யானையும் எருமையும் மீனும் பறவையும் இருக்கின்றன. பூப்பறிக்கும் மனிதர்களும் இருக்கிறார்கள். இவை தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளவை. நண்பகலில் நடை சாத்தும் தொல்லை இல்லை. ஆனைக்கா நண்பர் சொன்ன இரண்டு தடைகளுமே இந்தத் திசையில் கிடையாது.

தஞ்சைத் தட்டு (திங்கள், காலை 11.31)

டெல்டாவைத் தாண்டி வானம் பார்த்த பூமிக்கே போய்விட்டீர்களே!

குடுமியான்மலை நிழல் (திங்கள், காலை 11.48)

நிலையத்துக்கு அருகில் என்றுதானே கேட்டிருக்கிறார்; காவிரி பாயும் இடம் என்று கேட்கவில்லையே. ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நார்த்தாமலையில் வெறும் பாறை மீது ஏற வேண்டும், நிழல் கிடையாது. சித்தன்னவாசலில் சமணர் படுக்கைகள் உள்ள ஏழடிப்பாட்டக் குகைக்கு மலையைச் சுற்றிப் படி ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல. இளையவர்கள் மட்டும் வரும்போது இந்த வழியை நினைவில் வையுங்கள்.

உறையூர்த் தறி (திங்கள், மதியம் 1.10)

மலைக்கோட்டையை எவரும் இன்னும் விரிவாகச் சொல்லவில்லை. தரையிலிருந்து 83 மீட்டர் உயரமுள்ள ஒற்றைப் பாறை, 400-க்கும் மேற்பட்ட படிகள். அம்மா அடிவாரத்தில் மாணிக்க விநாயகரைக் கும்பிட்டுவிட்டு உட்காரலாம். பையனும் தாங்களும் ஏறுங்கள். எல்லோரும் உச்சிப் பிள்ளையாரை நோக்கி மூச்சிரைக்க ஓடும்போது கவனிக்காமல் கடந்துவிடும் இடம் ஒன்று வழியில் இருக்கிறது: மகேந்திரவர்ம பல்லவன் ஏழாம் நூற்றாண்டில் குடைவித்த குகைக்கோயில். அதன் ஒரு பக்கச் சுவரில் கங்கையைச் சடையில் ஏற்கும் சிவன் நிற்கிறார். சுற்றிலும் தேவரும் அடியாரும். மேல் மூலையில் சிறு பெண்ணுருவாகக் கங்கை இறங்குகிறாள்.

அந்தச் சிற்பத்தின் அருகில் உள்ள வடமொழிக் கல்வெட்டு எனக்கு மிகவும் பிடித்தது. ஆறுகள் மீது விருப்பம் கொண்ட சிவன் இந்தக் காவிரியைக் கண்டால் இவளிடமும் மனத்தைப் பறிகொடுத்துவிடுவாரோ என்று அஞ்சிய மலைமகள், பிறந்த வீட்டை விட்டு இந்த மலைக்கே குடிவந்து, 'இந்த ஆறு பல்லவனின் காதலி' என்று எப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். அதாவது, பிறன் மனையை நோக்காதீர் என்று கணவருக்கு நினைவூட்டுகிறாள். அதைப் படித்துவிட்டு மேலே ஏறி, வடக்கே நீண்டு கிடக்கும் ஆற்றைப் பார்த்தால் அம்மனின் கவலை நியாயம்தான் என்று தோன்றும். ஒன்றை மறக்க வேண்டாம்: தாயுமானவர் சன்னதியும் நண்பகலில் மூடப்படும், படிகளும் வெயிலில் சுடும். மாலை நாலரைக்கு மேல் ஏறுங்கள்.

மூன்றாம் மடை (திங்கள், இரவு 7.45)

பகல் முழுவதும் நடந்த வாதத்தை இப்போதுதான் படித்தேன். கேள்வி கேட்டவர் எங்கிருந்து வருகிறார் என்பதை எவருமே கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. மன்னார்குடியிலிருந்து வரும் வண்டி தஞ்சாவூரைத் தொட்டுத்தானே வர வேண்டும்? நிலையத்திலிருந்து தஞ்சைக்குப் போய்வருவதுதான் அலைச்சல். வருகிற வழியில் நிற்பது அலைச்சல் அல்ல. காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் ஏழு மணிக்குள் பெரிய கோயில் வாசலில் இருக்கலாம். அந்த நேரத்தில் தளம் குளிர்ந்திருக்கும், கூட்டமும் இருக்காது. தஞ்சை நண்பருக்கும் மனம் ஆறும்.

அங்கிருந்து நெடுஞ்சாலையில் திருச்சிக்கு வராதீர்கள். திருக்காட்டுப்பள்ளி வழியாகக் கல்லணைக்கு வாருங்கள். சுமார் 45 கிலோமீட்டர். வழியெங்கும் வாய்க்காலும் வாழையும் நெல்லும்தான். கல்லணையில் தென்கரையிலிருந்து வடக்கே அணைப் பாலத்தின் மீது சென்றால் புது ஆறு, வெண்ணாறு, காவிரி என்று ஒவ்வொன்றாகக் கடப்பீர்கள். அதற்கும் வடக்கே கொள்ளிடம். பையனுக்கு அங்கேதான் சொல்ல வேண்டிய பாடம் இருக்கிறது. நம் மன்னார்குடி வயல்களுக்கு வரும் தண்ணீர் எந்த மதகில் பிரிகிறது என்பதை நேரில் காட்டலாம்: வெண்ணாற்றின் கிளையாகிய பாமணியாறுதானே உங்கள் ஊர்ப் பக்கம் பாய்கிறது.

பலரும் அங்கே போய், மேலே தெரியும் மதகுகளையும் பாலத்தையும் படம் எடுத்துக்கொண்டு, கரிகாலன் கட்டியது இதுதான் என்று எண்ணித் திரும்பிவிடுகிறார்கள். மதகும் பலகையும் ஆங்கிலேயர் காலத்தில் சேர்த்தவை. பழைய கல்லணை அவற்றுக்கு அடியில், பாம்புபோல் வளைந்து செல்லும் 329 மீட்டர் நீளக் கற்கட்டு. அடிப்பாறை கிடைக்காத மணல் ஆற்றில் பெரும் பாறைகளைப் போட்டு, அவை தம் எடையாலேயே மணலுக்குள் இறங்கி அமர்ந்த பின் அவற்றின் மேல் களிமண் பூசி அடுத்த அடுக்குப் பாறைகளைப் போட்டார்கள். புது ஆறு மட்டும் அண்மைக் காலத்தது. மேட்டூர் அணை முடிந்த அதே 1934-ஆம் ஆண்டை ஒட்டி வந்த கல்லணைக் கால்வாய் அது.

அணையில் ஒரு மணி நேரம் போதும். அங்கே சுடச்சுட மீன் பொரித்து விற்பார்கள். அம்மா உச்சிக்கால பூஜைக்குப் போகும் நாளாகையால் கண்டும் காணாமல் வந்துவிடுங்கள். பிறகு காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில், உத்தமர்சீலி, திருவளர்சோலை வழியாக வரும் சாலையைப் பிடித்தால் சுமார் 15 கிலோமீட்டரில் திருவானைக்காவல். ஆனைக்கா நண்பர் சொன்ன பாலத் தொல்லை இந்த வழியில் இல்லை. நீங்கள் தீவுக்குள் கிழக்கு முனை வழியாக நுழைகிறீர்கள்.

ஆனைக்காத் தெருவாசி (திங்கள், இரவு 8.05)

இந்த வழி எனக்குத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருக்கிறது. நான் எப்போதும் நிலையத்திலிருந்து கிளம்புவதால் அங்கிருந்தே கணக்குப் போட்டுப் பழகிவிட்டேன். மூன்றாம் மடை அவர்கள் சொன்னதே சரி. சாலை குறுகலானது, வாழைத்தார் லாரி எதிரே வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதை மட்டும் ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள்.

கொள்ளிடக்கரை (செவ்வாய், காலை 6.50)

கல்லணைக்குப் பதிலாக முக்கொம்புக்குப் போகலாமே என்று கேட்பவர்களுக்காக எழுதுகிறேன். நகருக்கு மேற்கே சுமார் 18 கிலோமீட்டரில், காவிரியும் கொள்ளிடமும் பிரியும் இடத்தில் 1836 முதல் 1838 வரை ஆர்தர் காட்டன் கட்டிய மேலணை அது. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தும் காவிரியின் படுகை மேடிட்டும் போனதால் தண்ணீரெல்லாம் கொள்ளிடத்தில் இறங்கி வீணாகி, தஞ்சைப் பாசனம் வறண்டது. அதைத் தடுக்கவே அந்த அணை. 2018 ஆகஸ்டில் கொள்ளிடப் பக்கத்து மதகுகளில் ஒன்பது வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. பின்னர் அருகிலேயே புதிய கதவணை கட்டினார்கள். குழந்தைகளுடன் அரை நாள் உட்கார நல்ல பூங்கா உண்டு. ஆனால் உங்கள் வழிக்கு நேர் எதிர்த்திசை.

நெல்லித்தோப்பு (செவ்வாய், காலை 10.30)

கோயில் என்றால் முகம் சுளிக்கும் பையன் என் வீட்டிலும் ஒருவன் உண்டு. ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே மேலூரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. 2015-இல் திறந்தார்கள், சுமார் 25 ஏக்கர். ஆனால் நடுப்பகல் வெயிலில் பூச்சிகள் இலைக்கு அடியில் ஒடுங்கிவிடுவதால் வெறும் செடிகளைப் பார்த்துத் திரும்ப நேரும். என் மகனுக்குப் பிடித்தது ஸ்ரீரங்கத்துச் சேஷராயர் மண்டபம். வெள்ளைக் கோபுரத்தின் பக்கம் இருக்கிறது. அங்கே போவதற்கு எந்த வரிசையும் இல்லை, எந்தக் கட்டணமும் இல்லை. தூண் ஒவ்வொன்றிலும் முன்கால் தூக்கிய குதிரை. அதன் மேல் இருப்பவன் பாயும் புலியின் மீது ஈட்டியை இறக்குகிறான். குதிரையின் வயிற்றுக்குக் கீழே கத்தியும் கேடயமுமாகக் காலாட்கள். கடிவாளத்தின் முடிச்சு, குதிரையின் பல், வீரனின் கொண்டை என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கச் சொன்னேன். ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. பையனை வெயில் தெரியாமல் நிறுத்திவைக்க அதுவே இடம்.

கால் சுடும் என்பதால் பழைய காலுறை இரண்டு சோடி எடுத்துச் செல்லுங்கள். தாயார் சன்னதி வரை நடக்க அம்மாவால் முடியாது. உள்ளே பேட்டரி வண்டி உண்டு, கேட்டுப் பெறுங்கள்.

ஓரிரவுப் பயணி (செவ்வாய், மாலை 4.15)

இடையில் நுழைவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அடுத்த மாதம் திருச்சியில் ஒரு விமானத்துக்கும் மற்றொன்றுக்கும் நடுவில் ஆறு மணி நேரம் கிடைக்கிறது. காலை 9 முதல் மதியம் 3 வரை. கார் இல்லை, தோளில் ஒரு பை மட்டும்.

உறையூர்த் தறி (செவ்வாய், மாலை 4.50)

முன்னும் பின்னும் பரிசோதனைக்கு விட்டுவிட்டால் தங்கள் கையில் இருப்பது மூன்று மணி நேரமே. ஓர் இடத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். மலைக்கோட்டைக்குப் போனால் நண்பகலுக்குள் ஏறி இறங்கிவிட்டு, அடிவாரத்தில் தெப்பக்குளத்தைச் சுற்றி வாருங்கள். இராணி மங்கம்மாள் மகாலில் இயங்கும் அரசு அருங்காட்சியகமும், லூர்து மாதா தேவாலயமும், சற்று நடந்தால் நத்தர்வலி தர்காவும் அருகருகே இருக்கின்றன. ஆற்காட்டு நவாபு முகமது அலியின் கல்லறை அந்தத் தர்காவில்தான். வெள்ளிக்கிழமையாக இருந்தால் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. பையை நிலையத்திலேயே வைத்துவிட்டு வரலாம் என்று எண்ணாமல், சுமந்து ஏறும் அளவுக்கு எடை குறைவாக வைத்துக்கொள்ளுங்கள்.

மன்னார்குடிப் பக்கத்துக்காரன் (சனி, காலை 7.30, கோலாலம்பூரிலிருந்து)

நன்றி சொல்லவும் கணக்கு ஒப்புவிக்கவும் எழுதுகிறேன்.

ஏழு மணிக்குப் பெரிய கோயிலில் நுழைந்தோம். அம்மா சிறுமியாக இருந்தபோது நந்தி மண்டபத்தில் உட்கார்ந்து புளியோதரை தின்ற தூணைத் தேடிக்கொண்டிருந்ததால் புறப்படத் தாமதமாகி எட்டரை ஆகிவிட்டது. திருக்காட்டுப்பள்ளிக்கு முன்பு வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்றின் பின்னால் நான்கு கிலோமீட்டர் ஊர்ந்தோம். முந்த வழியே இல்லை. கல்லணையில் ஒரு மணி நேரம் என்றது அரை மணியாகச் சுருங்கியது. வெண்ணாற்று மதகில் தண்ணீர் நுரைத்து இறங்குவதைக் காட்டி, இதுதான் நம் வயலுக்கு வருகிறது என்றேன். நம் வயலுக்குப் போய்ச் சேர எத்தனை நாள் ஆகும் என்று மகன் கேட்டான், எனக்குத் தெரியவில்லை. காருக்குத் திரும்பியதும் அம்மாதான் பதில் சொன்னார்கள்: மேட்டூரைத் திறந்த செய்தி வந்தால் எந்த நாளில் எந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் வரும் என்று தாத்தா விரல்விட்டு எண்ணுவாராம்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது திருவானைக்காவலில் இறங்கினோம். மேளச் சத்தம் கேட்கும் திசையில் அம்மாவைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றேன். புடவை கட்டிய அர்ச்சகர் எங்களைக் கடந்து சென்றபோது அம்மா, அவரை அம்மனாகவே எண்ணி, இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார்கள். கருவறை வாசல் மிகவும் தாழ்வானது. குனிய முடியாமல் ஒன்பது துளைகள் கொண்ட கல் சாளரத்தின் வழியாகவே பார்த்தார்கள். தரையில் நீர் ஊறியிருந்தது தெரிந்ததாகச் சொன்னார்கள்.

ஸ்ரீரங்கத்தில் ஒன்றரை மணிக்குச் சேவைக்கு நின்றோம், இரண்டரைக்கு வெளியே வந்தோம். மகன் சேஷராயர் மண்டபத்தை விட்டு வரவில்லை. காலாட்களில் ஒருவனுடைய மீசை உடைந்திருப்பதையும் கண்டுபிடித்துவிட்டான். மலைக்கோட்டைக்கு மட்டும் போக முடியவில்லை. மாலை நான்கு மணிக்கு ஓட்டுநர் வண்டிச் சக்கரத்தில் காற்று இறங்குவதைக் கவனித்து, ஒட்டுப் போடும் கடையைத் தேடி ஒன்றரை மணி நேரம் சென்றது. காவிரிப் பாலத்தைக் கடக்கும்போது பாறையும் உச்சியில் ஏற்றிய விளக்கும் தெரிந்தன. பல்லவனின் காதலி கதையை அங்கேயே சொல்லி முடித்தேன்.

ஏழே முக்காலுக்கு நிலையம் சேர்ந்தோம். 2024 சூனில் செயல்படத் தொடங்கிய புதிய முனையத்தை நாங்கள் வந்து இறங்கிய அவசரத்தில் பார்த்திருக்கவில்லை. முகப்பைக் கோபுர அமைப்பில் செய்திருக்கிறார்கள். மகன் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தில் நிலைகள் பதின்மூன்று, இதில் ஏன் இல்லை என்று பாட்டியிடம் கேட்டுக்கொண்டிருந்தான். நான் அட்டைப் பெட்டியில் ஊறுகாய் எண்ணெய் கசிந்திருப்பதைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனைக்காத் தெருவாசி (சனி, காலை 9.10)

மகிழ்ச்சி. அடுத்த முறை மலைக்கோட்டைக்கு மாலை நாலரை, மறவாதீர்கள். ஊறுகாய் சாடியின் மூடியை மெழுகு வைத்து அடைத்து எடுத்துவரச் சொல்லுங்கள்.